அப்பாவுக்கு ஓர் ஊர் வேண்டும்

ராமமூர்த்தி நகர்,
பெங்களூரு.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. 

போன வாரம் உன் அம்மா பேசினாள். அம்பாசமுத்திரம் வீட்டை விற்று, அந்தப் பணத்தையும் சேர்த்து நீ வைட்ஃபீல்டில் பதினான்காவது மாடியில் ஒரு வீடு வாங்கப்போவதாகவும், அடுத்த தை மாதத்துக்குள் அவர்கள் இரண்டு பேரையும் இங்கே கூட்டிவந்துவிடப்போவதாகவும் சொன்னாள். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆனால் அதன் பிறகு பேச்சு முழுக்கப் பின்கட்டு முருங்கையையும், போன வருஷம் அடுப்படிக்கு மாற்றிய ஓட்டையும், மாடிப்படிக்கு உன் அப்பா வைத்த கைப்பிடியையும் பற்றியே இருந்தது. இதையெல்லாம் போனில் உன்னிடம் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பெற்றவர்களைக் கடைசிக் காலத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைக்கிறாய். மாதம் ஒரு தொகை அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று இருக்கிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். என் தங்கை மகன் அப்படி இல்லை என்பதில் எனக்குப் பெருமைதான். ஆகவே கூட்டிவராதே என்று சொல்லமாட்டேன். எந்த வீட்டுக்கு, எந்தப் பேட்டைக்கு, என்ன ஏற்பாட்டோடு கூட்டிவருகிறாய் என்பதை நீ இன்னும் யோசிக்க வேண்டும். நல்ல அறை, வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, மாதம் ஒருமுறை டாக்டர், இவ்வளவும் கொடுத்தால் வயதானவர்களுக்குப் போதும் என்று உன் வயதில் தோன்றும். போதாது. தன் காலால் நடந்து போய், தன் வாயால் பேசி, தன் காசைக் கொடுத்து அரைக்கீரைக் கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பிவர ஓர் ஊர் வேண்டும். அது இல்லாத இடத்தில் பிள்ளை எவ்வளவு பாசமாக இருந்தாலும் மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போகிறான். நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது இது.

உன் அத்தையின் அக்கா மகன் வீடு நீ பார்த்திருக்கிற மாதிரி ஒரு வளாகத்தில்தான் இருக்கிறது. அங்கே போய்த் தங்கும்போதெல்லாம் காலையில் கீழே இருக்கும் தோட்டத்தில் நடப்பேன். ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக எவ்வளவு பெரியவர்கள்! காரைக்குடி, விஜயவாடா, நாக்பூர், கான்பூர் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகளுக்காக வந்தவர்கள். ஒவ்வொருவரும் அவரவர் ஊரில் ஒரு ஆள். ஒருவர் தலைமையாசிரியராக இருந்தவர், ஒருவர் தாலுகா ஆபீஸில் இருந்தவர், ஒருவர் சொந்தமாக அரிசி மண்டி வைத்திருந்தவர். இங்கே அவர்களுக்கு ஒரே அடையாளம், இன்ன டவரில் இன்ன குழந்தையின் தாத்தா என்பதுதான். அந்தத் தலைமையாசிரியர் காரைக்குடிக்காரர்; தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். வந்து இரண்டு வருஷம் ஆகியும் அவர் தனியாக வாசல் கேட்டைத் தாண்டுவதில்லை. வெளியே நடைபாதை இல்லை. லாரியும் தண்ணீர் டேங்கரும் உரசிக்கொண்டு போகும் ரோடு. திரும்பி வரும்போது காவலாளி இந்தியில் ஏதோ கேட்பான். போனில் ஆப்பில் ஏதோ வரும். அதற்கு மகன் ஆபீஸிலிருந்து சம்மதம் கொடுக்க வேண்டும். நாற்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவர், தன் வீட்டுக்குள் போக மகனிடம் அனுமதி வாங்குவதில் கூசிப்போய்ப் போவதையே விட்டுவிட்டார். மகன் தங்கமான பையன். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து அங்குல டி.வி. வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

உன் அப்பாவை நினைத்துப் பார். விக்கிரமசிங்கபுரம் மில்லில், அந்த ஹார்வி சகோதரர்கள் 1880-களில் தாமிரபரணித் தண்ணீரை நம்பிக் கட்டிய மில்லில், ஷிப்ட் பார்த்து உடம்பு இறுகிய மனுஷன். விடியுமுன் எழுந்து ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு, காசிநாதர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டு, டீக்கடையில் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்து, ஊர் நியாயம் நாலு பேசிவிட்டு வீடு திரும்புகிறவர். அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அந்த ஒரு சுற்றில் பத்து பேராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் போகாவிட்டால் யாராவது வாசலில் வந்து "என்ன அண்ணாச்சி, மேலுக்கு முடியலையா?" என்று கேட்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரியாலும் கொடுக்க முடியாத கவனிப்பு அது. அதை விற்றுவிட்டு வரச் சொல்கிறாய் என்று உனக்குத் தெரிய வேண்டும். விற்பதற்கு நியாயம் இருக்கலாம். தெரிந்து செய்ய வேண்டும்.

வயதானவர்கள் ஊர் மாறினால் வாடித்தான் போவார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் ஆச்சியே அதற்குச் சாட்சி. நீ பிறக்குமுன் நடந்தது என்பதால் சொல்கிறேன்.

நான் 1974-ல் இங்கே டெலிபோன் செய்யும் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தேன். சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல், நாட்டில் முதலில் வந்த பொதுத்துறைத் தொழிற்சாலை அது. அந்தக் காலத்தில் எந்த ஊர் ஆபீஸிலும் கறுப்பு டெலிபோன் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் எங்கள் கை பட்டுப் போனதுதான். தூரவாணி நகரில் எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அப்பா காலமானதும் அம்மாவைக் கூட்டிவந்தேன். அப்போது அவளுக்குக் கல்லிடைக்குறிச்சிக்கு அப்பால் ஒரு உலகம் தெரியாது. கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஆறே மாதத்தில் அந்த லைனில் அவளைத் தெரியாத வீடு இல்லை. காரணம் அவளுடைய சாமர்த்தியம் மட்டுமல்ல. தரைத்தள வீடு, வாசல் தெளித்துக் கோலம் போட வாசல் இருந்தது. கோலம் போடும்போதே பக்கத்து வீட்டுப் பாலக்காட்டுக்காரி, எதிர் வீட்டுக் கோலார்க்காரி, மூலை வீட்டுச் சித்தூர்க்காரி எல்லாரோடும் பேச்சு ஆரம்பமாகிவிடும். யாருக்கும் யார் பாஷையும் முழுசாகத் தெரியாது; ஆனாலும் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாருக்கும் தெரியும். நடந்து போகிற தூரத்தில் கே.ஆர்.புரம் கடைத்தெரு. ஆச்சி பையை எடுத்துக்கொண்டு தானே போவாள். கன்னடத்தில் விலை கேட்க அந்தத் தெருவில்தான் கற்றுக்கொண்டாள்.

1980 டிசம்பர் கடைசியில் இங்கே பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். எல்லாம் சேர்ந்து 77 நாள். சம்பளம் இல்லை. லைன் லைனாக வீடுகளில் அடுப்பு எரிவது யோசனையாகிவிட்டது. அப்போது எங்களுக்கு அரிசி கடனாகக் கொடுத்த கடைக்காரர் என்னை நம்பிக் கொடுக்கவில்லை. என்னை அவருக்குத் தெரியாது. "அஜ்ஜியின் வீடு" என்று கொடுத்தார். கிராமத்திலிருந்து வந்த கிழவி, வந்து சில வருஷத்துக்குள் எங்களுக்கு இந்த ஊரில் ஒரு பெயர் சம்பாதித்து வைத்திருந்தாள். ஆகையால் வயது தடையில்லை, மருமகனே. வாசல்தான் கேள்வி.

உன் பதினான்காவது மாடியில் அந்த வாசல் இல்லை. லிஃப்ட் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, ஜிம் இருக்கிறது, எல்லாம் உனக்கு. அவர்களுக்கு வேண்டியதை நான் சொல்கிறேன்: தரைத்தளமோ முதல் மாடியோ. ரோட்டைக் கடக்காமல் ஒரு கடை. நடந்து போகிற தூரத்தில் கோயில். நாலு தெருவுக்குள் ஒரு டாக்டர், முடிந்தால் தமிழ் புரிகிறவர். பஸ்ஸோ மெட்ரோவோ ஏறத் தடுமாறாத இடம். இதற்கெல்லாம் வைட்ஃபீல்டையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். 2023-ல் பர்ப்பிள் லைன் வைட்ஃபீல்டு வரைக்கும் வந்துவிட்டது. நீ தினமும் இந்தப் பக்கத்திலிருந்து ஏறி ஆபீஸுக்குப் போகலாம். அவர்களைத் தினமும் அங்கே சும்மா உட்கார வைப்பதைவிட அது சுலபம்.

அல்சூர் பக்கம் வந்து ஒருநாள் நிதானமாகச் சுற்றிப் பார். மெட்ரோவிலிருந்து இறங்கினால் சோமேஸ்வரர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. 1809-ல் வெள்ளைக்காரன் அங்கே கண்டோன்மென்ட் போட்டபோது பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இன்னும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அட்டாரா கச்சேரி என்று சிவப்பாக ஹைகோர்ட் கட்டடம் பார்த்திருப்பாயே, அதைக் காண்டிராக்ட் எடுத்துக் கட்டியவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார்; அவர் 1873-ல் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது. ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம். அங்கே நூலகம் உண்டு. திருவள்ளுவர் சிலையும் அந்தப் பக்கம்தான். 1991-ல் வைத்த சிலை, பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ம் தேதி திறந்தார்கள். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. இங்கே வள்ளுவர் சிலை திறந்த அன்று கூட்டத்தில் நானும் நின்றேன். உன் அப்பா மாதிரி ஒரு மனுஷன் காலையில் தந்தியின் பெங்களூர்ப் பதிப்பை வாங்கிக்கொண்டு போய் உட்காரவும், வாய் திறந்தால் பதில் பேச ஆள் கிடைக்கவும் அந்தப் பேட்டை போதும். வாடகை அதிகம்தான், வீடுகளும் பழசுதான். எங்கள் ராமமூர்த்தி நகர், மர்ஃபி டவுன் பக்கமும் பார்க்கலாம். வாங்காதே, முதலில் வாடகைக்கு எடு.

எங்கே எடுத்தாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு எடு. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, டேங்கருக்குக் காத்துக் கிடந்த வளாகங்களை நீயே பார்த்தாய். அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்து, ஊரோடு பின்னால் சேர்த்த 110 கிராமங்களுக்கு ஒரு நாளைக்கு 775 மில்லியன் லிட்டர் வருகிறது என்றாலும், எல்லா வீட்டுக் குழாயிலும் அது வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. ஆற்றில் முங்கிக் குளித்தவரை அரை பக்கெட் தண்ணீரில் குளிக்கச் சொன்னால் வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார். குளிப்பதைக் குறைத்துக்கொள்வார்.

இனி பணத்துக்கு வருகிறேன். இதில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வீட்டை விற்காதே.

உன் அப்பாவுக்கு வருவது 1995-ம் வருஷத்துத் திட்டப்படி வருகிற பி.எஃப். பென்ஷன். அதில் குறைந்தபட்சமே மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2014-ல்தான் வைத்தார்கள். அவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான். உன் அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், 2023 செப்டம்பரிலிருந்து வருகிறது. அவள் வாழ்க்கையில் தன் பெயருக்கு மாதாமாதம் வந்த முதல் பணம் அது. பேத்திக்குக் கொலுசு வாங்க அதில்தான் சேர்க்கிறாள், உனக்குத் தெரியாது. அது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு உள்ள தொகை. அங்கே டவுன் பஸ்ஸிலும் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அவள் நினைத்தபோது பாபநாசம் போய்வருகிறாள். இங்கேயும் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அட்டை காட்ட வேண்டும். இதெல்லாம் உன் சம்பளத்துக்கு முன்னால் சின்னத் தொகை என்று நீ நினைப்பாய். "அம்மா, நான் தரேன், எவ்வளவு வேணும்?" என்று கேட்பாய். கேட்டு வாங்குகிற பணமும் கையில் இருக்கிற பணமும் ஒன்றல்ல. கேட்காமலே இருந்துவிடுவார்கள், அதுதான் நடக்கும்.

அந்த வீடு அவர்களுடைய கடைசிப் பலம். அதை விற்று உன் பெயரிலும் மருமகள் பெயரிலும் இருக்கிற பத்திரத்துக்குள் போட்டுவிட்டால், நாளைக்கு உன் அப்பா உன் வீட்டில் ஒரு விருந்தாளி. நீ அப்படி நினைக்கமாட்டாய், அவர் நினைப்பார். 2007-ம் வருஷத்து முதியோர் பராமரிப்புச் சட்டத்தில் 23-ம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது: பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால், எழுதிக் கொடுத்தவர் அதை ரத்து செய்யச் சொல்லித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நாட்டில் எவ்வளவு வீடுகளில் இது நடந்திருந்தால் அப்படி ஒரு பிரிவை எழுதியிருப்பார்கள் என்று யோசி. உன்னைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. வேலை போகிறது, வெளிநாடு போக வேண்டியிருக்கிறது, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ ஆகிறது, எதுவும் நடக்கலாம். உன் கூட வேலை பார்த்தவர்களில் எத்தனை பேரை ஒரே மெயிலில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று நீதான் சொன்னாய். அன்றைக்கு உன் அப்பா அம்மாவுக்குத் திரும்பிப் போக ஒரு கதவு வேண்டும். பின்னால் வாங்கும்போது இ.எம்.ஐ. கொஞ்சம் நீளட்டும். சின்ன வீடாக வாங்கு. பென்ஷன் வாங்கவும் எதையும் மாற்றத் தேவையில்லை. 2025-லிருந்து எந்த ஊர் வங்கிக் கிளையிலும் எடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். வருஷம் ஒருமுறை உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும், அதையும் போனிலேயே முகத்தைக் காட்டிச் செய்துவிடலாம். அதை நீ செய்து கொடு.

குழந்தை விஷயம். மருமகளும் வேலைக்குப் போகிறாள். ஆயாவை நம்ப முடியவில்லை. அம்மா வந்தால் குழந்தைக்கும் நல்லது என்று உனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தப்பில்லை. பாட்டி கையில் வளர்கிற குழந்தைக்குக் கதை கிடைக்கும், தமிழ் கிடைக்கும். ஆனால் உன் அம்மா அறுபத்தெட்டு வயதில் சம்பளமில்லாத ஆயாவாகிவிடக் கூடாது. நான் பார்க்கிற வளாகங்களில் மத்தியானம் பள்ளி வண்டி வரும் நேரத்துக்குக் கேட்டில் வரிசையாகப் பாட்டிகள் நிற்கிறார்கள். காலில் வீக்கம், கையில் தண்ணீர் பாட்டில். அதில் ஒரு தஞ்சாவூர் அம்மாள், மூத்த மகன் பிள்ளை வளர்ந்ததும் இளைய மகன் வீட்டுக்கு மாற்றலாகி வந்தவள். சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்கு அவளால் போக முடியவில்லை. மகனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். அம்மா வந்தாலும் ஆயாவை நிறுத்தாதே. தூக்குவது, குளிப்பாட்டுவது, பின்னால் ஓடுவது எல்லாம் ஆயாவுக்கு. பேசுவதும் ஊட்டுவதும் அம்மாவுக்கு. சனி ஞாயிறு குழந்தை உன் பொறுப்பு. ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் நீ டிக்கெட் போட்டுக் கொடுக்க வேண்டும், முகம் சுளிக்காமல்.

இதோடு இன்னொன்று. பெற்றோரைக் கூட்டிவருவது நீ. பார்த்துக்கொள்வது மருமகள் தலையில் விழக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் மகன் பெருமையாகக் கூட்டிவருவான். அப்புறம் அப்பாவின் மாத்திரை, அம்மாவின் பத்தியம், இவர்களுக்குள் சமையலறைச் சச்சரவு எல்லாம் அந்தப் பெண் தலையில். அவளும் உன்னைப்போலக் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள்தான். அவளுக்கும் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிறது. வீடு தேடும்போது அவர்களும் வந்து தங்குவதை மனதில் வைத்தாயா? டாக்டரிடம் அப்பாவை நீ கூட்டிக்கொண்டு போ. எந்த மாத்திரை எப்போது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். டெலிபோன் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு: ஆம்புலன்ஸுக்கு 108, பெங்களூரில் முதியோர் உதவிக்கு 1090, நாடு முழுவதுக்கும் 14567.

கன்னடம் கற்றுக்கொள் என்று வந்த நாளிலிருந்து சொல்கிறேன். ஆபீஸில் இங்கிலீஷ் போதும், ஆட்டோக்காரனுக்கு இந்தி போதும் என்று இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாய். உனக்கு ஓடும், உன் அம்மாவுக்கு ஓடாது. அவளுக்கு இங்கிலீஷும் தெரியாது, இந்தியும் தெரியாது. நீ கடைக்காரரிடம் கன்னடத்தில் பேசினால் அவள் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். நீயே அந்நியனாக நடமாடினால் அவள் வீட்டை விட்டு இறங்கவே பயப்படுவாள். நம் வீட்டுப் பாஷைக்கு இதனால் ஒரு குறையும் வராது. மாஸ்தி வெங்கடேச அய்யங்கார் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்; கன்னடச் சிறுகதைக்குத் தந்தை என்று இவர்கள் கொண்டாடுகிறார்கள், 1983-ம் வருஷத்து ஞானபீடம் அவருக்குத்தான். கன்னட நாடகத்தில் பெயர் பெற்ற டி.பி. கைலாசமும் தமிழ் வீட்டுப் பிள்ளைதான். சைத்ர மாதப் பௌர்ணமியில் ஊரே திரண்டு பார்க்கிற கரகத்தைத் தூக்குகிற திகளர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழி என்றே சொல்வார்கள். இந்த ஊர் நம்மை வெளியே நிறுத்திய ஊர் அல்ல.

நிறுத்திய நாட்களும் உண்டு, அதையும் மறைக்கமாட்டேன். 1991-ல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த டிசம்பரில் இங்கே தமிழர் பேட்டைகள் எரிந்தன. எத்தனையோ குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓசூர் வழியாகப் போனார்கள், பலர் திரும்பி வரவில்லை. 2016 செப்டம்பரில் மறுபடியும் பஸ்களைக் கொளுத்தினார்கள். அது உனக்கு நினைவிருக்கும். 1991-ல் நாங்கள் பயந்தோம். உன் அத்தை இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. எதிர் வீட்டுக் கன்னடக் குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவர் எங்கள் வாசல் திண்ணையில் ராத்திரி வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை. ஆச்சியின் கையால் சாப்பிட்டு வளர்ந்த பையன்கள். இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், பதினான்காவது மாடியில் உன் கதவுக்கு எதிரே இருக்கிற கதவுக்காரர் பெயர் உனக்குத் தெரிய வேண்டும். நீ இப்போது இருக்கிற வாடகை வீட்டில் எதிர் வீட்டுக்காரர் பெயர் என்ன? யோசித்து வை, வரும்போது கேட்பேன்.

சரி, நான் என்ன செய்யச் சொல்கிறேன்? முதலில் ஒரு வருஷம் அவர்கள் போய்வந்து இருக்கட்டும். மாசி பங்குனியில் கூட்டிவா. சித்திரை அக்கினி வெயிலில் அம்பாசமுத்திரம் தகிக்கும்போது இங்கே தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இரண்டு பேருக்கும் சுகமாக இருக்கும். குழந்தைக்கும் கோடை விடுமுறை. ஆனியில் குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும் கொண்டுபோய் விடு. அதை விட்டுவிட்டு இங்கே அவர்களால் இருக்க முடியாது, உனக்கே தெரியும். மறுபடி புரட்டாசியில் நவராத்திரிக்கு வரட்டும். மார்கழி குளிரில் இங்கே வைத்திருக்காதே. உன் அப்பாவுக்கு மூச்சு இழுக்கும், மில்லில் பஞ்சு தின்ற நெஞ்சு அது. பொங்கலுக்கு நீங்கள் மூன்று பேரும் அங்கே போங்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்தாகப் பார்த்து முன்கூட்டியே போட்டு வை. இரண்டு வீட்டுச் செலவு ஆகும். உன் சம்பளத்தில் அது முடியும், கார் மாற்றுவதைத் தள்ளிப் போடு.

வீட்டுச் சாவி அவர்கள் கையில் இருக்கிற தைரியத்திலேயே இங்கே நிம்மதியாக இருப்பார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும், எங்கே கால் தரிக்கிறது என்று. உடம்பு தள்ளாமல் போய் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டிய காலமும் வரும். அப்போது இந்த ஊர் அவர்களுக்குப் பழகின ஊராக இருக்கும்; கடைக்காரர் தெரிவார், டாக்டர் தெரிவார், கோயில் குருக்கள் தெரிவார். அந்தக் காலத்துக்கான ஏற்பாட்டை இப்போது, அவர்கள் நடமாடும்போதே, செய்ய வேண்டும் என்பதுதான் என் பேச்சு. படுத்த பிறகு கொண்டுவந்தால் ஜன்னல்தான் ஊர்.

கடைசியாக ஒன்று; எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. உன் அப்பாவுக்குத் தன் காரியம் தாமிரபரணிக் கரையில் நடக்க வேண்டும் என்று ஆசை. என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொல்லமாட்டார், "பிள்ளைக்கு லீவு, வண்டி, அலைச்சல்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டுவிடுவார். அந்த வீடு இல்லாமல் போனால், அந்த ஆசையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குக் கவலை. இதை மனதில் வைத்துக்கொள், என்னிடம் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறாய் அல்லவா? வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துக்கொண்டு கேட்காதே. அப்படிக் கேட்டால் "உன் இஷ்டம்ப்பா" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அப்பாவோடு விடியற்காலையில் ஆற்றுக்குப் போ. அவர் போகிற எல்லா இடத்துக்கும் கூடவே போ, டீக்கடை வரைக்கும். அங்கே வைத்துக் கேள். அம்மாவை அடுப்படியில், மருமகள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தனியாகக் கேள். இருவரும் வேறு வேறு பதில் சொன்னால் ஆச்சரியப்படாதே. அவளுக்குப் பேத்தி பக்கம் மனசு, அவருக்கு ஆறு. புரோக்கரிடம் அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. அவர்கள் சொன்னதை எனக்கு எழுது, அல்லது திரும்பி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அல்சூரில் இரண்டு வீடு காலியாக இருக்கிறதாம், சேர்ந்து போய்ப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் மாமா